குரல் வைக்க ஒரு போன்

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலுக்கு எதிரே உள்ள கடையில், கண்ணாடி மேஜைமேல் மூன்று போன்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெங்கடநாராயணன் நின்றார். பக்கத்தில் முக்காலியில் அவர் மனைவி ராஜலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். ஆனி மாதக் கடைசி. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. போன் அவளுக்குத்தான். அவளுடைய பேச்சு போய்விடப்போகிறது, போவதற்குள் குரலைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அது ஆரம்பித்த விதம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாசி மாதத்தில் ஒருநாள் காய்கறிக்காரன், "வாயில் பானா தீதி?" என்று கேட்டான். வெற்றிலைப் பக்கமே போகாத ராஜலக்ஷ்மி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் மருந்துக்கடைக்குப் போன் செய்தால் மாத்திரைப் பெயரை இரண்டு தரம் கேட்டார்கள். பல் டாக்டரைப் பார்த்தார்கள், பல்லில் ஒன்றுமில்லை. கடைசியில் சால்ட் லேக்கில் ஒரு நரம்பு டாக்டரிடம் போய் நின்றது. நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள் தேய்ந்துகொண்டு வருகின்றன, முதலில் பேச்சு, அதன்பிறகு விழுங்குவது, மேற்கொண்டு போகப்போகப் பார்க்கலாம் என்றார் அவர். தள்ளிப்போட மருந்து உண்டு, நிறுத்த இல்லை. எத்தனை நாளில் என்று வெங்கடநாராயணன் கேட்டதற்கு, சிலருக்கு வருஷமாகிறது, சிலருக்கு மாதங்கள்தான் என்று மட்டும் பதில் வந்தது.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். வழி சொன்னவள் அவள்தான். வீட்டில் தினம் என்ன பேசுவீர்களோ அதையெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக உங்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள். பின்னால் பேச்சு வராதபோது போனில் அந்தத் துண்டைத் தொட்டால் உங்கள் குரலே பேசும். இப்போது குரல் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது, இந்தச் சமயம் திரும்பி வராது என்றாள். இடம் நிறைய உள்ள நல்ல போனாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள்.

ராஜலக்ஷ்மியிடம் இருந்த போன் மகள் மாதவி கழித்துக் கொடுத்தது. முகமெல்லாம் கீறல். உள்ளே முழுக்கப் பாட்டு. சமையலறை வீட்டின் பின்கோடியில் இருந்ததால் அங்கே நெட் எட்டாது. ஆகையால் பழைய கச்சேரிகள், சினிமாப் பாட்டுகள், கீழ் வீட்டு ஷிப்ரா பௌதி கொடுத்த வங்காளப் பாட்டுகள் எல்லாவற்றையும் போனிலேயே இறக்கி வைத்திருந்தாள். எதையாவது பதியப்போனால் இரண்டு வாக்கியம் முடிவதற்குள் இடமில்லை என்று அது நின்றுவிடும். பாட்டை அழித்துவிட்டால் இடம் வரும் என்று மாதவி சொல்லிப் பார்த்தாள். எந்தப் பாட்டை என்று கேட்டதற்கு ராஜலக்ஷ்மி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை மூடி வைத்தாள்.

ஆக ஒரு போன் வாங்க வேண்டும். வெங்கடநாராயணனுக்கு ஒரு சாமானை வாங்குவது என்றால் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அர்த்தம். ஒரு வங்கியின் கல்கத்தா ஆபீசில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்காலியானாலும் இரும்புப் பெட்டியானாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டுக்கு வந்த மிக்ஸியும் மின்விசிறியும் அப்படி வந்தவைதான். அது இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

கடையில் இருந்த ரோஹித் என்ற பையன் பொறுமைசாலி. பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்றை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் பெருமையையும் இந்தியில் சொன்னான். பெரியதில் காமிரா உசத்தி, இடமும் அதிகம். ஆனால் தனியாக மெமரி கார்டு போட முடியாது. சின்னது கைக்கு அடக்கம், கார்டு போடலாம், காமிரா சுமார். நடுத்தரத்தில் எல்லாமே நடுத்தரம்.

வெங்கடநாராயணன் முதலில் அளவைப் பார்த்தார். பெரியதை ராஜலக்ஷ்மியின் கையில் கொடுத்து, கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்று கேட்டார். எட்டவில்லை.

"இதைத் தூக்கிண்டு தெருவுல போனா, ஸ்லேட்டு எடுத்துண்டு ஸ்கூலுக்குப் போறேன்னு நெனைச்சுப்பா," என்றாள் அவள். சில எழுத்துகள் வாய்க்குள் உருண்டாலும் அப்போது அவள் பேச்சு நன்றாகவே புரிந்தது.

பிறகு காமிரா. எதிரே மழையில் நின்ற மெட்ரோ தூணை மூன்றிலும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். அது போதாமல் ராஜலக்ஷ்மியை அதே முக்காலியில் அப்படியே இருக்கச் சொல்லி மூன்றிலும் எடுத்தார். நடுத்தரப் போன் அவள் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் துடைத்து வெளுப்பாக்கிக் காட்டியது.

"யாருன்னா இது? சித்த விட்டா உங்களுக்கு ரெண்டாந்தாரமா வந்து நிப்பா போலிருக்கே."

ரோஹித்துக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் சிரித்தான். பேசத்தானே போன், படம் எதற்கு என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். ஆஸ்பத்திரிப் பெண் இனிமேல் மாதா மாதம் வீடியோவில் வாயைப் பார்ப்பாளாம், முகம் தெளிவாகத் தெரிய வேண்டாமா என்றார் அவர். வாங்குவது ஒரு தரம், அதை ஒழுங்காக வாங்க வேண்டும் என்றார். கடைசியாகப் பாட்டு எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கைக் கேட்டுக்கொண்டு, எஸ்பிளனேடில் ஒரு கடையும் நியூ டவுனில் ஒரு கடையும் பார்த்துவிட்டு வருவதாக ரோஹித்திடம் சொன்னார். அந்த இரண்டு கடைகளையும் அந்த வாரமே பார்த்தார். எங்கேயும் இவை மூன்றும்தான் இருந்தன.

பெரியதா, சின்னதா என்று அவர் முடிவுக்கு வந்த சாயங்காலம் ராஜலக்ஷ்மி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்கு ஆடி பொறக்கறது. ஆடி போகட்டுமேன்னா."

அவள் இதற்கு முன் எந்த ஆடியிலும் இப்படிச் சொன்னதில்லை. ஆடித் தள்ளுபடி என்று ஊரிலிருந்து தங்கை புடைவை வாங்கி அனுப்பினால் சந்தோஷமாகக் கட்டிக்கொள்கிறவள். ஆனாலும் வியாதி விஷயம் என்று வந்தபிறகு வெங்கடநாராயணனுக்கு மனசில் தைரியம் குறைந்திருந்தது. நல்லதுக்காக வாங்குவதை ஆகாத மாதத்தில் வாங்கி ஏதாவது ஆகிவிட்டால்? சரி என்றார்.

மாதவிக்கு வேலை செக்டர் ஃபைவில், ஜாகை நியூ டவுனில். ஆடிக்காகத் தள்ளிப்போட்டதைப் போனில் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வண்டி வைத்துத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய், அம்மாவைத் தன் படுக்கையறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தன்னுடைய போனை எதிரே வைத்தாள். ராஜலக்ஷ்மி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஏன்னா" என்றாள். அதற்குமேல் வரவில்லை. மகளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாதவிக்குத் தெரியவில்லை. செத்துப்போனவளுக்குச் செய்கிற காரியம் மாதிரி இருக்கிறது, என் போன் வரட்டும், நான் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்கிறேன் என்றாள். அந்த ஒரு வார்த்தையையும் அழிக்கச் சொன்னாள். மாதவி அம்மாவின் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது சனிக்கிழமை. சனிக்கிழமையில் இரும்பு வாங்கக் கூடாது என்று வெங்கடநாராயணன் ஒருநாள் பொறுத்தார். போனில் இரும்பு எங்கே இருக்கிறது என்று மாதவி கேட்டாள். அவளிடம் வாதம் பண்ண அவருக்கு இஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது, கீழ்த்தளத்து வாசலில் ஷிப்ரா பௌதி நின்றிருந்தாள்.

ஷிப்ரா பௌதியும் ராஜலக்ஷ்மியும் அந்தக் குடியிருப்புக்கு ஒரே வருஷத்தில் வந்தவர்கள். வெங்கடநாராயணனுக்கு அவள் பௌதி, அதாவது அண்ணி; அவளுக்கு அவர் தாதா, அண்ணன். லக்ஷ்மி என்பது அவள் வாயில் லொக்கி ஆகும். லொக்கி தி, லொக்கி தி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு நாளைக்குப் பத்துத் தரம் படியேறி வருவாள். அன்று வெங்கடநாராயணனை நிறுத்தி எங்கே கிளம்பிவிட்டீர்கள் தாதா என்று கேட்டாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்று பாத்ரோ மாதம் பிறக்கிறது, எங்களில் இந்த மாதம் கல்யாணம் கிடையாது, குடிபோவது கிடையாது, புதுசாக ஒன்றும் வீட்டுக்குள் வராது. எங்கள் பிரிட்ஜைப் பாத்ரோவில் வாங்கி மூன்று வருஷம் மெக்கானிக்கிடம் அழுதோம். உங்கள் ஆடியைப் பார்த்தவர் எங்கள் பாத்ரோவையும் பார்க்கக் கூடாதா என்றாள்.

வெங்கடநாராயணனுக்கு ஆவணி நல்ல மாதம். ஆனால் அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பம் இந்த ஊரில் இருக்கிறது. இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஊர்ச் சம்பளத்தை வாங்கி, இந்த ஊர் மாதம் மட்டும் தனக்கில்லை என்று எப்படிச் சொல்வது? திரும்பி மாடிக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ராஜலக்ஷ்மி ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து மின்விசிறியைப் போட்டாள்.

அந்த ஒரு மாதத்தில்தான் பேச்சு வேகமாகச் சரிந்தது. முதலில் போனில் பேசினால் யாருக்கும் புரியாமல் போனது. அப்புறம் காய்கறிக்காரனிடம் விரலால் காட்டி வாங்க வேண்டி வந்தது. பாட்டு ஓடும்போது கூடவே முணுமுணுப்பதை நிறுத்தினாள். ஷிப்ரா பௌதி வந்தால் அவள் பேசுவாள், ராஜலக்ஷ்மி தலையை ஆட்டுவாள். வெங்கடநாராயணனுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. நனைந்த துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தக் குரல் வரும். பழகிய காது அதைப் பிழிந்து எடுத்துக்கொள்ளும். அதனாலேயே அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவர் காதுக்குத் தெரியவில்லை.

பாத்ரோ முடிந்த மறுநாள் மஹாளய பட்சம் ஆரம்பம். பித்ருக்களுக்கு உரிய நாட்கள். அந்தப் பதினைந்து நாளில் புதுசு வாங்குவது இரண்டு ஊர் வழக்கத்திலும் இல்லை. இந்த முறை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. அவராகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவராகவே தள்ளிவைத்தார்.

நவராத்திரி முதல்நாள் ரோஹித்தின் கடையில் கூட்டம் நெரித்தது. பூஜைத் தள்ளுபடி என்று கடை முழுக்கத் தோரணம். வெங்கடநாராயணன் பெரியதையே வாங்கினார். அளவுக்குக் காரணம் இப்போது வேறாகியிருந்தது. இனி அவள் எழுத்தைத் தட்டித்தான் பேச வேண்டியிருக்கும். எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும். காமிராவைத் திறந்தே பார்க்கவில்லை.

பேச உட்கார்ந்தபோது தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். காலை முதல் பாட்டு, அறிவிப்பு, தாக் மேளம். ஜன்னலைச் சாத்தி, படுக்கையறையிலும் முடியாமல், கடைசியில் குளியலறைக்குள் முக்காலியைப் போட்டு ராஜலக்ஷ்மி உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்ற வெங்கடநாராயணனுக்கு அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வது கேட்டது. ஏன்னா, காபி. ஏன்னா, மாத்திரை போட்டுண்டேளா. மாதவி, சாப்பிட்டியா. ஷிப்ரா, உள்ளே வா. நன்றாகத்தான் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவள் பதிந்ததைப் போட்டுக் கேட்பது தெரிந்தது.

போனிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவளிடமிருந்து நேராக வராமல் போன் வழியாகக் கேட்டபோது வெங்கடநாராயணனுக்கே ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

ராஜலக்ஷ்மி வெளியே வந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது. போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொலுவுக்கு விளக்கேற்றப் போனாள். அவர் சொன்னார், எனக்குப் புரிகிறதே, அது போதாதா என்று. அவள் திரும்பி வந்து, போனை வாங்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். "உங்களுக்கும் புரியலை. எனக்கும் புரியலை." பிறகு பதிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள்.

மாதவி சப்தமி அன்று வந்தாள். கூட்டத்தில் மெட்ரோவில் நசுங்கி வந்த களைப்போடு செருப்பைக்கூடக் கழற்றாமல், பதிந்தது என்ன ஆயிற்று என்று கேட்டாள். நடந்ததை அப்பாவின் வாயிலிருந்து கேட்டதும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று முன்னாலேயே தன் போனில், தன் லாப்டாப்பில், எங்கெல்லாமோ தேடிப் பார்த்தாளாம். கல்யாண வீடியோவில் அம்மாவின் குரல் நாதஸ்வரத்துக்குள் போய்விட்டது. மற்றதிலெல்லாம் அம்மா படம் எடுக்கிறவளாக இருக்கிறாள், அல்லது போதும் நிறுத்து என்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆனி மாசத்துல சொன்னா அந்தப் பொண்ணு. ஆனி மாசத்துல," என்றாள் மாதவி. "நீங்க போன் வாங்கலைப்பா. கொட்டேஷன் வாங்கிண்டு இருந்தேள்."

வெங்கடநாராயணன் கொலுப்படியில் சாய்ந்திருந்த செட்டியார் பொம்மையை நிமிர்த்தி வைத்தார். ராஜலக்ஷ்மி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மகளை நோக்கி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மாதவி பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாதவியே ஒரு யோசனை சொன்னாள். அம்மாவின் வார்த்தைகளைத் தன் குரலில் பதிந்துவிடலாம். அம்மாவும் பெண்ணும் ஒரே குரல் என்று எல்லாரும் சொல்வதுதானே. ராஜலக்ஷ்மி தலையை அசைத்துவிட்டு, போனை எடுத்துத் தட்டினாள். வெகுநேரம் ஆயிற்று. "உன் குரல் கேட்டா நீ வந்துட்டேன்னு வாசலைப் பார்ப்பேன். வேண்டாம். அப்பா சொல்லட்டும்."

ஆக, லக்ஷ்மி பூஜை கழிந்து பந்தலைப் பிரித்து, தெரு அடங்கியபிறகு, வெங்கடநாராயணன் தன் மனைவியாகப் பேச உட்கார்ந்தார்.

முதல் வாக்கியத்திலேயே இடறியது. முப்பத்தைந்து வருஷம் தன்னைக் கூப்பிட்ட வார்த்தையைத் தானே சொல்ல வேண்டும். "ஏன்னா, காபி ஆறிப்போறது," என்றார். கரகரவென்று, ஆபீசில் கடிதம் படிக்கிற குரலில் வந்தது. ராஜலக்ஷ்மி உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினாள். கொஞ்சம் பழகியதும் வேகம் வந்தது. ஏன்னா, குடை எடுத்துண்டேளா. ஏன்னா, கேஸ்காரன் வந்திருக்கான். ஏன்னா, அந்த ரேடியோவைச் சித்தக் குறையுங்கோ. ஏன்னா, எனக்கு முடியலை, படுத்துக்கறேன். இப்படி ஒரு பத்துப் பதினைந்து ஆனதும் அவருக்குத் தீர்ந்துபோயிற்று. வேறு என்ன சொல்வாள்? யோசித்து யோசித்துப் பார்த்தார். எல்லாம் 'ஏன்னா' என்று ஆரம்பிப்பதாகவே நினைவுக்கு வந்தது.

ராஜலக்ஷ்மி தட்டிக் காண்பித்தாள். "நான் உங்ககிட்ட மட்டுமா பேசினேன்?"

நாளெல்லாம் இந்த வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காய்கறிக்காரனோடு, பால்காரனோடு, பாத்திரம் தேய்க்கிறவளோடு, படியில் ஏறி இறங்குகிறவர்களோடு. வங்காளத்தில், இந்தியில், தமிழில். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓடுகிற குழாய்ச் சத்தம் மாதிரி அது பின்னால் கேட்டது. அதிலிருந்து ஒரு வரியாவது இப்போது எடுத்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு கீழே போனார். ஷிப்ரா பௌதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். லொக்கி உங்களிடம் என்னவெல்லாம் சொல்வாள், எனக்குச் சொல்லுங்கள், பதிய வேண்டும் என்றார் அவர். வந்த காரியம் விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே வரும்போதே 'கீ கோ, ரான்னா ஹோலோ?' என்பாள், என்ன, சமையல் ஆச்சா என்று. மீன் வாடை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, செத்தும் மீனை விடாமல் உன் மாமியார் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாளா என்பாள். என் பிள்ளை சண்டை போட்டுக்கொண்டு போன வருஷம், தினம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் என் முடியைச் சிக்கெடுத்துவிட்டுப் போவாள். அது பேச்சில்லை, ஆனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது.

"தாதா, ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் என்மேல் கோபப்படக் கூடாது," என்றாள். "பாத்ரோ மாதம் ஆகாது என்று உங்களிடம் சொல்லச் சொன்னது அவள்தான். நானாகச் சொல்லவில்லை. எங்கள் பிரிட்ஜ் பாத்ரோவில் வாங்கியதே இல்லை."

வெங்கடநாராயணன் கையிலிருந்த போனைப் பட்டாணித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆவணி பிறந்த அன்று மத்தியானம் ராஜலக்ஷ்மி வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். போன் வந்துவிட்டால் மறுநாளே உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடித்துவிட்டால் அப்புறம் குரல் எதற்கு இருக்கப்போகிறது. இன்னும் ஒரு மாதம் நான் சும்மா பேசிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னால் அவர் கேட்பார் என்றாளாம். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் முடியவில்லை என்றாள் ஷிப்ரா பௌதி.

அவர் படியேறி வந்தார். நடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். பழி தன் தலையில் மாத்திரம் என்று இத்தனை நாள் சுமந்ததில் பாதி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. தனியாக அவள் எவ்வளவு பயந்திருந்தால் கீழ் வீட்டில் போய்க் கெஞ்சியிருப்பாள், பக்கத்து அறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனே என்றுதான் மனசு போயிற்று.

ராஜலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்து, என்ன கிடைத்தது என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். அவர் எதிரே உட்கார்ந்து போனை நடுவில் வைத்தார். "கீ கோ, ரான்னா ஹோலோ?" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். 'ஹோலோ' என்பதை வாயைக் குவித்துச் சத்தமில்லாமல் சொல்லிக் காட்டினாள். அவர் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துத் திரும்பச் சொன்னார். மாமியார் வேடிக்கையைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமல் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"பாத்ரோ மாசத்தைப் பத்தியும் சொன்னா."

ராஜலக்ஷ்மி போனை எடுத்து ஒரே ஒரு வரி தட்டினாள். "பயமா இருந்தது."

"எனக்கு மட்டும் இல்லையா? மூணு கடையிலயும் அதே மூணு போன்தான் இருந்தது. எதுக்கு ஏறி எறங்கினேன்னு நெனைச்சே?"

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கீழே யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் வந்து போயிற்று. பிறகு அவள் இன்னும் ஒன்றைத் தட்ட ஆரம்பித்தாள். தட்டி, அழித்து, மறுபடியும் தட்டினாள். முடித்து அவர் பக்கம் திருப்பி, இதைப் பதியுங்கள் என்று சைகை செய்தாள்.

"மாதவி, அப்பாவைத் திட்டாதே."

இதை நான் எப்படிச் சொல்வது என்றார் அவர். அவள் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வெங்கடநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டு, "மாதவி," என்றார். அதற்குமேல் வரவில்லை. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஓடுகிற போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது.

ராஜலக்ஷ்மி அதை நிறுத்தி அழித்தாள். அவர் நிமிர்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பொத்தானை மறுபடியும் தொட்டாள்.